பீச் டீயில் இருந்த பீச் எங்கே போனது?

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான்: பீச், லிச்சி, எலுமிச்சை என மூன்று வகை பழவாசனை பிளாக் டீ வாங்கியிருக்கிறார். பாக்கெட்டைப் பிரித்ததும் வாசனை ஆளைத் தூக்குகிறது, போட்டுக் குடித்தால் வெறும் கசப்பு. ஐஸ் டீ செய்தால் கலங்கலாக, தண்ணீராக வருகிறது. பால் ஊற்றலாமா, சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்கு ஒத்துவருமா என்று இன்னும் இரண்டு. செய்முறை கேட்பதுபோல எழுதியிருந்தாலும் அவர் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். மூக்குக்குக் கிடைத்த பழம் நாக்குக்கு ஏன் கிடைக்கவில்லை, காசு கொடுத்து ஏமாந்துவிட்டேனா என்பதுதான் அது.

ஏமாறவில்லை. பழவாசனை டீ என்பது சாதாரண கறுப்புத் தேயிலைதான். அதை ஒரு பெரிய உருளையில் போட்டுச் சுழற்றிக்கொண்டே வாசனைக் கரைசலைத் தெளிப்பார்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் பொருள் என்பதால் அது இலையில் ஏறிவிடும். உள்ளே தெரியும் உலர்ந்த பழத்துண்டும் பூவிதழும் பெரும்பாலும் கண்ணுக்குத்தான். சந்தேகம் இருந்தால் அந்தத் துண்டுகளை மட்டும் பொறுக்கிக் கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்துப் பாருங்கள், மங்கலான ஒரு தண்ணீர்தான் கிடைக்கும். ஆகவே நீங்கள் வாங்கியது பழத்தின் மணம் மட்டுமே. பழம் என்று நாம் உணர்வதில் மணம் ஒரு பங்கு. இனிப்பும் புளிப்பும் சேர்ந்தால்தான் மூளை அதைப் பழம் என்று ஒப்புக்கொள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மாம்பழம் தின்றால் இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியும், மாம்பழம் தெரியாது. பழவாசனை டீயில் நடப்பது அதன் மறுபக்கம்: மாம்பழம் இருக்கும், இனிப்பும் புளிப்பும் இருக்காது, அந்த இடத்தில் தேயிலையின் துவர்ப்பு உட்கார்ந்திருக்கும். மணத்தை இலை தரும், மீதி இரண்டை நீங்கள்தான் தரவேண்டும். கீழே சொல்லப்போகிற அளவுகள் பாதிக்குப் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

மீதிப் பாதி, இருக்கிற மணத்தையாவது காப்பாற்றுவது. இதில் நம் வீட்டுப் பழக்கமே எதிரி. பாத்திரத்தில் தண்ணீரும் தூளும் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இறக்கி, இரண்டு டம்ளரில் நுரை வர ஆற்றி எடுப்பது பால் டீக்கு அழகான முறை. பழவாசனைக்கு அது கொலை. அந்த வாசனைச் சேர்மங்கள் எளிதில் ஆவியாகிறவை. அடுப்பில் தூள் கொதிக்கும்போது சமையலறை முழுக்கப் பீச் மணக்கிறதே, அந்தப் பீச் இனிமேல் கோப்பைக்குத் திரும்பாது. ஆற்றும்போது எஞ்சியதும் போய்விடும். இன்னொரு பக்கம், துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் ஆவியாகாதவை. எவ்வளவு நேரம் இலை நீரில் கிடக்கிறதோ அவ்வளவு இறங்கிக்கொண்டே இருக்கும். ஆக, கொதிக்கவைத்தால் வேண்டியது போகிறது, வேண்டாதது சேர்கிறது. உங்களுக்குக் கிடைத்த வெறும் கசப்புக்குக் காரணம் அநேகமாக இதுதான்.

சூடாகக் குடிக்க இப்படிச் செய்யுங்கள். ஒரு கப், அதாவது 200 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் இலை. பெரிய இலை என்றால் ஒரு தேக்கரண்டி குவித்து எடுக்கவேண்டியிருக்கும், குருணையாக இருக்கும் சி.டி.சி. தூள் என்றால் தட்டையாக ஒரு தேக்கரண்டிக்கும் குறைவுதான். டீ பேக்கில் ஏறக்குறைய அதே 2 கிராம் இருக்கும் என்பதால் ஒரு கப்புக்கு ஒன்று. கோப்பையைக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு இலையைப் போடுங்கள். தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்து, இறக்கி அரை நிமிடம் விட்டு, இலைமேல் ஊற்றி உடனே மூடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் அந்த அரை நிமிடமும் காத்திருக்க வேண்டியதில்லை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இலைக்கு மூன்றரை முதல் நான்கு நிமிடம், டீ பேக்குக்கும் சி.டி.சி. தூளுக்கும் இரண்டு முதல் இரண்டரை நிமிடம் போதும். பிறகு இலையை வெளியே எடுத்தே ஆகவேண்டும். கோப்பைக்குள் விட்டுவிட்டுக் குடிக்க ஆரம்பித்தால் கடைசிக் கால் கப் நாக்கைச் சுருட்டும்.

மூடி சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. மூன்று நிமிடம் கழித்து மூடியைத் தூக்கி, குடிப்பதற்கு முன்னால் அதன் அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். துளித்துளியாக ஒட்டியிருக்கும் ஈரத்தில் பழம் பளிச்சென்று இருக்கும், கோப்பையைவிட அதிகமாகவே இருக்கும். அந்தத் துளிகளைத் தட்டிக் கோப்பைக்குள்ளேயே விடுங்கள். மூடியில் மணம் இருந்து கோப்பையில் இல்லையென்றால் உங்கள் செய்முறையில் கோளாறு, மூடியிலும் இல்லையென்றால் தேயிலை பழசு. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இதைவிட மலிவான சோதனை கிடையாது. தேயிலைத் தொழிலில் மாதிரிகளை ஒப்பிடுவதற்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு பன்னாட்டு முறை உண்டு, அதுவும் மூடியிட்ட கலத்தில்தான் ஊறவைக்கச் சொல்கிறது. ஆனால் அதன் அளவை வீட்டில் பின்பற்றிவிடாதீர்கள். 100 மி.லி.க்கு 2 கிராம், ஆறு நிமிடம். ஒரே அளவுகோலில் குறைநிறை வெளிப்படவேண்டும் என்பதற்காக அவ்வளவு கடுமை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பு மிகுந்த போர் தண்ணீரில் எந்த நல்ல டீயும் மந்தமாகத்தான் வரும். மேலே எண்ணெய் போல ஒரு படலம் மிதந்தால், கோப்பையின் ஓரத்தில் பழுப்பு வளையம் ஒட்டினால், அது தண்ணீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையோடு சேர்ந்து செய்யும் வேலை. தேயிலையில் கலப்படம் என்று பதற வேண்டாம். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணி வரும் நாளில் இந்தத் தொல்லை இருக்காது. மற்றவர்கள் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். ரொம்பவும் சுத்திகரித்து உப்பே இல்லாமல் இருந்தால் டீ சற்று வெடுக்கென்று வரும், அப்போது கால் பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் சரியாகிவிடும். இந்தக் கால் பங்குக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும், நீங்களே இரண்டு கப் போட்டுப் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டியது.

இப்போது இனிப்பும் புளிப்பும். 200 மி.லி. சூடான டீக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அதாவது 4 கிராம், போட்டுப் பாருங்கள். இனிப்பதற்காக அல்ல, பழம் எழுந்து வருவதற்காக. பீச்சும் ஸ்ட்ராபெரியும் இந்த 4 கிராமில் அப்படியே ஆள் மாறிவிடும். சர்க்கரையே இல்லாத ஸ்ட்ராபெரி டீ பள்ளிக்கூட வாசனை ரப்பரைக் கடித்ததுபோல இருக்கும் என்பது என் தனிப்பட்ட தீர்ப்பு, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தேன் நல்ல தேனாக இருந்தால் அதன் மணம் பழத்தோடு மல்லுக்கு நிற்கும். கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் நிச்சயமாக அமுக்கிவிடும். இங்கே வெள்ளைச் சர்க்கரைதான் ஒழுங்கு, அதற்குச் சொந்தக் குரல் இல்லை.

புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு அரை முதல் ஒரு தேக்கரண்டி. இலையை எடுத்த பிறகு, குடிக்கும் சூடு வந்ததும் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க விட்டால் சாற்றின் புதுமணம் கெட்டுப் பழைய சாறுபோல ஆகிவிடும். சாறு விழுந்ததும் டீ கருஞ்சிவப்பிலிருந்து தேன் நிறத்துக்கு வெளுக்கும். நீர்த்துப்போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தேயிலையின் நிறமிகள் புளிப்பில் நிறம் மாறுகின்றன, அவ்வளவுதான். முன்னே சொன்ன படலமும் அந்த நொடியிலேயே கரைந்துபோவதைப் பார்க்கலாம். பீச், லிச்சி டீக்கு அரைத் தேக்கரண்டி தாண்டாதீர்கள், தாண்டினால் எல்லாம் லெமன் டீ ஆகிவிடும்.

பால் விஷயம் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பொறுத்தது. பட்டியலில் தேயிலையும் வாசனையும் மட்டும் இருந்தால் பால் திரியாது. எலுமிச்சை டீயாக இருந்தாலும் திரியாது, ஏனென்றால் அதில் இருப்பது எலுமிச்சை மணம், எலுமிச்சைப் புளிப்பு இல்லை. செம்பருத்தி, சிட்ரிக் அமிலம் என்று எழுதியிருந்தால் திரிய வாய்ப்பு உண்டு. பாலின் கேசின் புரதம், புளிப்பை அளக்கும் பி.எச். எண் 4.6 பக்கம் வந்தால் பிரிந்துவிடும், சூட்டில் அதற்கு முன்பே பிரியும். திரியாது என்பதால் எல்லாவற்றுக்கும் பால் பொருந்தும் என்று ஆகாது. பீச், மாம்பழம், ஸ்ட்ராபெரி ஏற்றுக்கொள்ளும். பீச்சின் மணத்துக்குக் காரணமான லாக்டோன் வகைச் சேர்மங்களின் பங்காளிகள் வெண்ணெயிலும் இருக்கின்றன, அதனால் பாலோடு உறவு ஒட்டுகிறது. எலுமிச்சையும் லிச்சியும் பாலில் சோப்புபோலத் தோன்றும். ஊற்றுவதானால் கப்புக்கு 20, 30 மி.லி. காய்ச்சிய பால், கடைசியில். பால் கொழுப்பும் புரதமும் மணத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் இலையை 3 கிராமாக உயர்த்துங்கள்.

ஐஸ் டீக்கு வருவோம். 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் இந்தியத் தேயிலைக்கு ஆள் சேர்க்கப் போன ரிச்சர்ட் பிளெச்சிண்டன், வெயிலில் சூடான டீயை யாரும் சீண்டாததால் பனிக்கட்டி போட்டு விற்றார், அங்கே பிறந்ததுதான் ஐஸ் டீ என்று ஒரு கதை எங்கும் ஓடுகிறது. பிரபலமானதில் அவருக்குப் பங்கு உண்டு. பிறந்தது அங்கே இல்லை, அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அமெரிக்கச் சமையல் புத்தகத்தில் ஐஸ் டீ வந்துவிட்டது. நமக்கு வேண்டியது, தண்ணீராகப் போவதன் கணக்கு.

1 கிராம் பனிக்கட்டி உருக ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் வேண்டும். 200 மி.லி. டீ 85 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும்போது வெளிவிடுவது 16,000 கலோரி. வகுத்துப் பாருங்கள், சரியாக 200 கிராம் பனிக்கட்டியை அது விழுங்கிவிடும். சாதாரண ஐஸ் டிரேயில் பத்துப் பன்னிரண்டு கட்டி. அதாவது ஒரு கப் சூடான டீயைக் குளிரவைப்பதற்குள் இன்னொரு கப் தண்ணீர் அதில் கலந்துவிடுகிறது. நீங்கள் வழக்கமான அளவில் டீ போட்டு ஐஸ்மேல் ஊற்றியிருந்தால் பாதிச் சக்தி டீதான் குடித்திருக்கிறீர்கள். அதற்குமேல் டம்ளரில் புதிதாக ஐஸ் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே 200 மி.லி. நீருக்கு 5 கிராம் இலை, நான்கு நிமிடம். நேரத்தைக் கூட்டாதீர்கள், இலையைக் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டினால் துவர்ப்புதான் கூடும். வடிகட்டி, இனிப்பைச் சூட்டிலேயே கரைத்து, 200 கிராம் ஐஸ்மேல் ஊற்றிக் கலக்கினால் இரண்டு டம்ளர் வரும். பொறுமை இருந்தால் மூடிவைத்து 50 டிகிரிக்கு, அதாவது கையில் பிடிக்கிற சூட்டுக்கு, ஆறவிட்டு ஊற்றுங்கள். உருகும் ஐஸ் சுமார் 112 கிராமாகக் குறையும், இலையும் 4 கிராம் போதும்.

குளிர்ந்த பானத்தில் இனிப்பு மங்கும், மணமும் குறைவாகவே எழும், துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். சூட்டில் ஒரு தேக்கரண்டி போதுமென்றால் குளிரில் இரண்டு வேண்டும். சர்க்கரையை ஐஸ் டீயில் போட்டுக் கலக்கினால் அடியில் மணலாகக் கிடக்கும். 100 கிராம் சர்க்கரையை 100 மி.லி. தண்ணீரில் சூடாக்கிக் கரைத்துப் பாகு வைத்துக்கொள்ளுங்கள், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், கரைந்தால் போதும். ஒரு மேசைக்கரண்டி, 15 மி.லி., பாகில் சுமார் 9 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு டம்ளருக்கு அது கணக்கு.

கலங்கலுக்குக் காரணம் வேறு. டீ சுமார் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அதிலுள்ள கஃபீனும் தேயிலைப் பாலிஃபீனால்களும் ஒன்றோடொன்று பிணைந்து நுண்துகளாகப் பிரியும். கண்ணாடி போல இருந்த டீ, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழனித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். கெடுதல் எதுவும் இல்லை. ஒரு கரண்டி கொதிநீர் விட்டால் மறுபடி தெளிவதைக் காணலாம். டீ எவ்வளவு கெட்டியோ, தண்ணீரில் எவ்வளவு கால்சியமோ, அவ்வளவு கலங்கல். இது வரை நிச்சயம். மெதுவாக ஆறவிட்டால் கலங்காது, சட்டென்று குளிரவைத்தால் கலங்கும் என்று ஒரு கட்சி, அதற்கு நேர்மாறாகச் சொல்ல இன்னொரு கட்சி. தண்ணீரும் தேயிலையும் மாறும்போது முடிவும் மாறுவதால் இதில் நான் எந்தப் பக்கமும் சத்தியம் செய்யமாட்டேன். தேயிலையைத் தேர்ந்தெடுப்பதில் பலன் கண்கூடு. அஸ்ஸாம் ரகமும் சி.டி.சி. தூளும் சீக்கிரம் கலங்கும். நீலகிரியின் ஆர்த்தடாக்ஸ், அதாவது குருணையாக்காமல் உருட்டிச் செய்யும், இலை குளிரிலும் தெளிவாக நிற்பதாகப் பெயர் பெற்றது, அமெரிக்க ஐஸ் டீக் கலவைகளுக்கு அதை விரும்பி வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இலங்கையின் நுவரெலியா, திம்புலைப் பக்கத்து மலைத் தேயிலையும் ஐஸுக்கு நன்றாகவே வரும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவார்கள். துவர்ப்பு குறையும், நிறம் கறுக்கும். பழவாசனை டீக்கு வேண்டாம், நாம் பாடுபட்டுச் சேர்க்கும் புளிப்பை அது தின்றுவிடும்.

இத்தனை கணக்கும் இல்லாமல் நல்ல ஐஸ் டீ வேண்டுமென்றால் குளிர்ந்த நீரிலேயே ஊறவையுங்கள். பழவாசனை டீக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பேன். 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் இலை, அல்லது 5 டீ பேக். கொதித்து ஆறிய தண்ணீர், மூடியுள்ள கண்ணாடி பாட்டில், ஃப்ரிட்ஜில் எட்டு மணி நேரம். இரவு போட்டுக் காலையில் வடிகட்டலாம். சி.டி.சி. தூள் என்றால் நான்கைந்து மணி நேரம் போதும். குளிர்நீரில் துவர்ப்புப் பொருள்கள் குறைவாக இறங்கும், ஆவியாகப் போக வழியில்லாததால் மணம் உள்ளேயே தங்கும், பிணைந்து கலங்குவதும் அரிது. வடிகட்டிய பிறகு ஃப்ரிட்ஜில் ஒரு நாள், அதற்குமேல் வைக்காதீர்கள். கஃபீன் குறைவு என்று சொல்லிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறவர்கள் உண்டு. இலையின் அளவையும் ஊறும் நேரத்தையும் பொறுத்து அது ஏறக்குறையச் சூடான டீயின் அளவுக்கே வரக்கூடும், நம்பாதீர்கள்.

பாட்டிலை மொட்டைமாடி வெயிலில் வைத்து ஊறவைக்கும் காணொளிகள் சுற்றுகின்றன. வேண்டவே வேண்டாம். வெயில் அந்த நீரைக் கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்காது, கிருமி செழிக்கும் அளவுக்குத்தான் சூடாக்கும். பழத்துண்டும் உள்ளே கிடந்தால் இன்னும் மோசம். டீ இழை இழையாக, கொழகொழவென்று மாறியிருந்தால் அது முன்னே சொன்ன அப்பாவிக் கலங்கல் இல்லை. கொட்டிவிட்டு பாட்டிலை வெந்நீரில் கழுவுங்கள்.

எந்தப் பழம் தேயிலையோடு இயல்பாகச் சேரும் என்பதற்கு ஓரளவு வேதியியல் காரணம் உண்டு. தேயிலையின் சொந்த மணத்திலேயே லினலூல், ஜெரானியால் என்ற பூமணச் சேர்மங்கள் இருக்கின்றன. லிச்சியிலும் இவை உண்டு, அதனால்தான் லிச்சி டீ ஒட்டுப்போட்டதுபோலத் தெரிவதில்லை, சர்க்கரை இல்லாமலும் நிற்கிறது. உலகத்தில் அதிகம் குடிக்கப்படும் பழவாசனை டீயான ஏர்ல் கிரேயில் இருக்கும் பெர்கமாட், இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் ஒருவகை நாரத்தை இனப் பழம். அதன் தோல் எண்ணெயிலும் லினலூல் தாராளம். மாம்பழ டீயில் மட்டும் நம் ஊர்க்காரர்கள் ஏமாற்றம் அடைவது சகஜம். மல்கோவாவும் பங்கனப்பள்ளியும் தின்று வளர்ந்த நாக்கை ஒரு சொட்டு வாசனை சமாதானப்படுத்தாது.

அப்படிப்பட்டவர்கள் வாசனை இல்லாத நல்ல கறுப்புத் தேயிலையை எடுத்து உண்மைப் பழத்தைச் சேர்க்கலாம். என் முதல் பரிந்துரை கம்பம் பன்னீர் திராட்சை. அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை, மஸ்கட் திராட்சையின் மணமும் அதே லினலூல், ஜெரானியால் குடும்பம்தான். டார்ஜிலிங்கின் இரண்டாம் பறிப்புத் தேயிலையை மஸ்கடெல் என்று புகழ்வதே இந்தத் திராட்சையை வைத்துத்தான். 150 கிராம் பழம், 50 மி.லி. தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, சிறு தீயில் ஐந்து நிமிடம். கரண்டியால் மசித்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து கசக்கும். இதில் இரண்டு மேசைக்கரண்டி, கெட்டியாகப் போட்ட டீ 150 மி.லி., நாலைந்து ஐஸ் கட்டி. நிறத்தைப் பார்த்தே ஒரு டம்ளர் கூடக் கேட்பார்கள். மலைப்பக்கம் கிடைக்கும் பேஷன் ஃப்ரூட்டும் அருமை. புளிப்பும் மணமும் ஒரே பழத்தில் இருப்பதால் ஒரு டம்ளருக்கு ஒரு பழத்தின் சதை, கொஞ்சம் பாகு, வேறெதுவும் வேண்டாம். சாத்துக்குடிச் சாற்றைக் குடிக்கும் நேரத்தில்தான் சேர்க்கவேண்டும், பிழிந்து வைத்தால் போகப்போகக் கசப்பு ஏறும். அன்னாசியைச் சர்க்கரையோடு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டுச் சேருங்கள். பச்சையாகப் போட்டு அதில் பாலும் ஊற்றினால் அதன் நொதி பால் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும்.

வாசனை டீயை வீட்டிலேயே செய்ய முடியுமா என்றால், தோலில் எண்ணெய் உள்ள பழங்களில் மட்டும் முடியும். எலுமிச்சை அல்லது கமலா ஆரஞ்சை வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நிறமுள்ள மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவுங்கள், வெள்ளைப் பகுதி கசக்கும். நிழலில் இரண்டு மூன்று நாள், ஒடித்தால் சட்டென்று முறியும் வரை காயவிட்டு, 50 கிராம் தேயிலைக்கு ஒரு பழத்தின் தோல் வீதம் இறுக்கமான டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். சற்று ஈரம் இருந்தாலும் தேயிலை பூஞ்சை பிடிக்கும். மாம்பழம், கொய்யா, பீச் துண்டுகளைப் போட்டுவைத்தால் வாசனை ஏறாது, பூஞ்சைதான் ஏறும்.

பாக்கெட்டைத் திறந்த பிறகு பழவாசனை நாளுக்கு நாள் இறங்கும். தேயிலை ஒரு வருடம் கெடாமல் இருக்கலாம், மேலே ஏற்றிய பழம் மூன்று நான்கு மாதத்தில் பாதியாகிவிடும். அதிலும் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள் மற்றவற்றைவிட வேகமாகக் கெடும், அவற்றின் லிமோனீன் என்ற எண்ணெய் காற்றுப்பட்டுப் பெயின்ட் வாடை அடிக்கும். அதனால் மூன்றில் முதலில் எலுமிச்சையை முடித்துவிடுங்கள். மூன்றையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள், ஒரு வாரத்தில் எல்லாம் ஒரே வாசனை ஆகிவிடும். அஞ்சறைப்பெட்டி இருக்கும் அலமாரி கூடவே கூடாது. பெருங்காயமும் பீச்சும் ஒன்றாகக் குடித்தனம் செய்ய முடியாது. அடுத்த முறை வாங்கும்போது பெரிய பாக்கெட்டாக வாங்காமல் 50 கிராம் வாங்குங்கள். லேபிளில் இயற்கை வாசனை, இயற்கைக்கு நிகரான வாசனை, செயற்கை வாசனை என்று ஏதாவது ஒன்று குறிப்பிட்டிருக்கும். முதலாவது விலை கூடுதல், சுவையும் கூடுதலாக இருக்கும் என்று கட்டாயம் இல்லை. பூவிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் லினலூல் லினலூல்தான், வேறுபாடு அதோடு இன்னும் எத்தனை சேர்மங்களைத் திறமையாகக் கோத்திருக்கிறார்கள் என்பதில்.

அம்மாவுக்கு, லிச்சி டீயைக் குளிர்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். துவர்ப்பு குறைவு என்பதால் அதற்கு இனிப்பு அவ்வளவாகத் தேவைப்படாது. ஒரு டம்ளருக்கு நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறும், நாக்குக்குத் தெரியாத அளவு, இரண்டு விரல் நுனியில் ஒட்டும் உப்பும் போதும். உப்பு கசப்பை அடக்கும். தேன், நாட்டுச் சர்க்கரை, பழச்சாறு மூன்றும் அவர் உடம்புக்குச் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். கடையில் விற்கும் ஐஸ் டீப் பொடியில் முதல் பொருளே சர்க்கரையாக இருக்கும், தொடவேண்டாம். அவர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளி டீ கொடுங்கள், தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். டம்ளரை ஐஸால் நிரப்பாமல் ஒன்றிரண்டு கட்டியோடு நிறுத்துங்கள், ரொம்பச் சில்லென்று இல்லாமல் இருந்தால்தான் லிச்சி மணம் அவர் மூக்குக்கு எட்டும்.